வதீமாவின் முதல் அனுமதி

அல் அய்ன் நகரத்தில் ஓட்டுநர் உரிமம் வைத்திருக்கும் பெண்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். வதீமா நடத்திய தேர்வில் தேறியவர்கள் ஒரு வகை. வதீமா விடுப்பில் இருந்த நாளில் தேறியவர்கள் இன்னொரு வகை. இரண்டாவது கூட்டம்தான் பெரிது.

இருபது வருடத்துக்கு மேல் அவள் பெண்கள் பிரிவில் தேர்வாளராக இருந்தாள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, மடியில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு, "திரும்பு", "நிறுத்து" என்ற இரண்டு வார்த்தைகளைத் தவிர வேறெதையும் பேசமாட்டாள். டயர் நடைபாதை ஓரத்தை உரசினால் முகம் சுளிக்கமாட்டாள். விரல் மட்டும் டேப்லெட்டில் ஒருமுறை தட்டும். அந்தச் சத்தத்தைக் கேட்டு அழுதவர்களில் இன்று பள்ளித் தலைமையாசிரியைகளும் இருக்கிறார்கள், ஒரு பல் மருத்துவரும் இருக்கிறார்.

ஓய்வு பெற்ற பிறகு மகன் தாஹியின் காரில் போக ஆரம்பித்தாள். இரண்டு வாரம் தாங்கினான்.

"அம்மா, ஒண்ணு நீங்க என் வண்டியில வராதீங்க. இல்ல, வேற வேலை தேடிக்கோங்க. நான் ரிவர்ஸ் எடுக்கும்போது நீங்க விடுற பெருமூச்சுல எனக்கு ஸ்டியரிங்கே மறந்துபோகுது."

வேலையையும் அவனே தேடிக்கொடுத்தான். ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் டாக்ஸிகளை விட்டிருந்த ஒரு நிறுவனம், சாலை விதி தெரிந்த ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தது. நகரத்தின் வெளிப்புறத்தில் குளிரூட்டிய ஓர் அறை. சுவர் முழுக்கத் திரைகள். ஒவ்வொரு வண்டியும் என்ன பார்க்கிறது, என்ன நினைக்கிறது என்று அதில் தெரியும்.

வண்டிகளை வதீமாவுக்கு உடனே பிடித்துப்போனது. அவை வேகம் தாண்டுவதில்லை. கோட்டை மிதிப்பதில்லை. போனைப் பார்ப்பதில்லை, உதட்டுச்சாயம் போட்டுக்கொள்வதில்லை. நிறுத்தற்கோட்டில் யாரும் இல்லாவிட்டாலும் முழுதாக நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் போகின்றன. இத்தனை வருடம் கழித்து ஒரு நல்ல மாணவி கிடைத்துவிட்டாள் என்று நினைத்தாள்.

சிக்கல் மாணவியிடம் இல்லை, தெருவிடம் இருந்தது. வண்டிக்குள் விதிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். யார்மேலும் மோதாதே என்பது உச்சியில். கோட்டைத் தாண்டாதே, எதிர்த்திசையில் போகாதே என்பவை அதற்குக் கீழே. வழியை அடைத்துக்கொண்டு நிற்காதே, பயணியைக் காக்க வைக்காதே என்பவை அடியில். அடியில் இருப்பதைக் காப்பாற்ற மேலே இருப்பதை உடைக்க வேண்டி வந்தால் வண்டி முடிவெடுக்காது. நின்றுவிடும். திரையில் ஒரு கேள்வி வரும். கீழே இரண்டு பொத்தான்: அனுமதி, காத்திரு.

அனுமதி கொடுத்தால் கொடுத்தவர் பெயர் பதிவாகும். காத்திரு என்றால் யார் பெயரும் பதிவாகாது. அறையில் இருந்த எல்லோருக்கும் இந்த வித்தியாசம் தெரியும். ஆனாலும் மற்றவர்கள் வாரத்துக்கு நாலைந்து தடவையாவது அனுமதி கொடுத்தார்கள். வதீமா ஒருதடவைகூடக் கொடுத்ததில்லை. அவளுக்குத் தன் பெயரைப் பற்றிய பயம் கிடையாது. கோடு என்றால் கோடு, அவ்வளவுதான்.

ஒருநாள் மாலை ஒரு வண்டி கரக் டீக்கடை எதிரில் நின்றுவிட்டது. அங்கே யாரும் காரைவிட்டு இறங்கமாட்டார்கள். சாலையிலேயே நிறுத்தி ஹார்ன் அடிப்பார்கள். கடைக்காரர் ஓடிவந்து டீ கொடுப்பார். முன்னால் நான்கு கார். இரட்டை மஞ்சள் கோட்டைத் தாண்டினால்தான் விலகிப் போகமுடியும். வண்டி கேட்டது. வதீமா காத்திரு என்றாள். நான்கு கார் போய் வேறு ஐந்து வந்தன. கடைக்காரர் ஓட்டுநர் பக்கக் கண்ணாடியைத் தட்டி, உள்ளே ஆள் இல்லாததைப் பார்த்து ஒரு கணம் திகைத்து, பின்னால் வந்து, "எத்தனை டீ?" என்று கேட்டார். பயணி இரண்டு கிளாஸ் குடித்து முடித்தபோதும் வண்டி அங்கேயேதான் நின்றது. நிறுவனத்தின் மாதாந்திர அறிக்கையில் வதீமாவுக்கு இரண்டு முதலிடம். மிகக் குறைந்த விதிமீறல், மிக நீண்ட காத்திருப்பு.

இதே குணம் வீட்டுக்குள்ளும் ஒரு விலை கேட்டிருந்தது. அவளுடைய தங்கை ரௌதா எட்டு வருடமாக அவளோடு பேசுவதில்லை.

உறவினருக்குத் தேர்வு நடத்தக்கூடாது என்பது விதி. அதனால் ரௌதாவின் தேர்வை இன்னொரு அம்மாள் நடத்தினாள். வதீமாவின் தங்கை என்ற மரியாதையில் தேர்ச்சியும் கொடுத்துவிட்டாள். மைதானத்தின் ஓரத்தில் நின்றிருந்த வதீமா நேராகப் போய், "நிறுத்தற்கோட்டில் இவள் முழுசாக நிற்கவில்லை, உருட்டிக்கொண்டே போய்விட்டாள்" என்றாள். முடிவு மாறியது. ரௌதா அப்போது கர்ப்பமாக இருந்தாள். மறுபடி அந்த மைதானத்தில் கால் வைக்கவே இல்லை. கடைக்குட்டி மெஹ்ரா பிறந்தபோது பார்க்க வந்த அக்காவிடம், குழந்தை தூங்குகிறது என்று உள்ளேயிருந்தே சொல்லி அனுப்பினாள். அதற்குப் பிறகு கல்யாண மண்டபங்களில் இருவரும் எதிரெதிர் மூலையில் உட்கார்ந்தார்கள். ஏதாவது சொல்லியே தீரவேண்டுமென்றால் நடுவில் இருப்பவரிடம், "அவகிட்ட சொல்லு" என்று சொல்வாள் ரௌதா. மெஹ்ராவை வதீமா இதுவரை தூக்கியதில்லை.

இதெல்லாம் ஒரு வெள்ளிக்கிழமை மதியம், பலஜ் ஹஸ்ஸா பகுதியின் ஒரு சந்தில் வந்து முட்டிக்கொண்டு நின்றது.

ஆண்கள் ஜும்மா தொழுகைக்குப் போய்விட்டதால் அறையில் வதீமாவும், மணிலாவிலிருந்து வந்த ஜோவலினும் மட்டும் இருந்தார்கள்.

"மேடம், இந்த வண்டி ரொம்ப நேரமா டிராஃபிக்ல நிக்குதாம்," என்றாள் ஜோவலின். "வெள்ளிக்கிழமை மத்தியானம் சந்துக்குள்ள என்ன டிராஃபிக்?"

வதீமா திரையைப் பார்த்தாள். ஒருவழிச் சந்து. அது முடியும் இடத்தில் பள்ளிவாசல். குத்பா என்னும் வெள்ளிக்கிழமைப் பிரசங்கம் ஆரம்பித்தபின் அவசரமாக வந்தவர்கள் ஒருவர் பின்னால் ஒருவராகச் சந்தின் அந்தக் கோடியிலேயே வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே ஓடியிருந்தார்கள். இரண்டு லேண்ட் க்ரூசர், ஒரு பிக்கப். அவற்றுக்குப் பின்னால் ஓட்டுநரில்லாத டாக்ஸி மரியாதையான இடைவெளி விட்டு, முன்வண்டி நகரட்டும் என்று நின்றுகொண்டிருந்தது.

"வண்டியும் தொழுகைக்கு வந்திருச்சா மேடம்?"

வதீமா சிரிக்கவில்லை. முன்னால் இருப்பது வரிசை இல்லை, நிறுத்திவைத்த வண்டிகள் என்று குறித்தாள். டாக்ஸி அதைக் கேட்டுக்கொண்டது, யோசித்தது, கேள்வியை அனுப்பியது. ஒரு வீட்டு வாசலில் திரும்பி, வந்த வழியே எதிர்த்திசையில் வெளியேறலாம். தூரம் குறைவு. அனுமதிக்கிறீர்களா?

கை பழக்கத்தில் காத்திருவை அழுத்திவிட்டது. மறுகணமே வண்டிக்குள்ளிருந்து உதவிமணி அடித்தது. முதலில் கேட்டது ஒரு குழந்தையின் அலறல்.

"யாராவது இருக்கீங்களா அங்க? இந்த வண்டிக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு! நின்ன இடத்துலயே நிக்குது!"

அந்தக் குரலை, அது பிறந்த நாளிலிருந்து கேட்டவள் வதீமா. ஆனாலும் நிறுவனம் சொல்லிக்கொடுத்த வாக்கியத்தையே சொன்னாள். "வணக்கம். உங்களுக்கு என்ன உதவி வேணும்?"

மறுமுனையில் ரௌதாவும் அக்காவை அடையாளம் கண்டுகொண்டாள். பிறகு குரல் மாறியது. "மெஹ்ரா, கண்ணு, இந்த ஸ்பீக்கர்கிட்ட சொல்லு. வேற ஆள் இருந்தா குடுக்கச் சொல்லு."

"வேற ஆள் இல்ல. எல்லாரும் தொழுகைக்குப் போயிருக்காங்க. குழந்தைக்கு என்ன?"

"மெஹ்ரா, அவகிட்ட சொல்லு. இலந்தை மரத்துல ஏறி விழுந்து கை உடைஞ்சிருச்சுன்னு சொல்லு. எலும்பு சட்டைக்குள்ள துருத்திக்கிட்டு நிக்குதுன்னு சொல்லு."

"வலிக்குதும்மா!" என்றது குழந்தை. அழுகைக்கு நடுவில், "இது யாரும்மா?"

"யாருமில்ல. கம்பெனி."

ஜோவலின் திரும்பிப் பார்த்தாள். வதீமாவின் முகத்தில் எதுவும் தெரியவில்லை. அது தேர்வு மைதானத்தில் பழகிய முகம்.

"உன் புருஷன் எங்கே?"

"மெஹ்ரா, உங்க அப்பா எங்கேன்னு கேக்கறா. முன்னால நிக்குதே வெள்ளை லேண்ட் க்ரூசர், அது அவரோடதுதான்னு சொல்லு. போனை ஊமையாக்கி வெச்சிருக்கார்னு சொல்லு."

"ஆம்புலன்ஸ் கூப்பிடறேன்."

"அது வர்றதுக்குள்ள தொழுகையே முடிஞ்சிரும்னு சொல்லு."

"மெயின் ரோடு வரைக்கும் தூக்கிட்டு வா. வேற வண்டி அனுப்பறேன்."

"தொட்டாலே மயங்கிச் சாயறா. இந்த வெயில்ல, என் முட்டியை வெச்சுக்கிட்டு..." அதற்கு மேல் ரௌதாவுக்கு நடுவில் ஆள் வைத்துப் பேசப் பொறுமை இல்லை. "எல்லாரும் வண்டி ஓட்டறாங்க. இந்தத் தெருவுல நான் ஒருத்திதான் ஓட்டத் தெரிஞ்சும் ஓட்டாம உக்காந்திருக்கேன். அதனாலதான் இந்த ஆளில்லாத சனியனைக் கூப்பிட்டேன். அதுக்குள்ளயும் நீ வந்து உக்காந்திருக்கே!"

வண்டியின் ஒலிவாங்கி வழியாகப் பள்ளிவாசல் குத்பாவும் அறைக்குள் கேட்டது. அன்றைய குத்பா அண்டை வீட்டாருக்குச் செய்யவேண்டிய கடமைகளைப் பற்றியது. சந்தை அடைத்து நிறுத்தியவர்கள் எல்லோரும் உள்ளே அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வதீமா கணக்குப் போட்டாள். உயிருக்கு ஆபத்து இருந்தால் மட்டுமே அவசரம் என்று விதிப்புத்தகம் சொன்னது. கை முறிவு உயிருக்கு ஆபத்து இல்லை. அந்த வரியைச் சேர்க்கச் சொன்னதே அவள்தான். அது இல்லாவிட்டால் ஆளாளுக்குத் தலைவலி என்று சொல்லிக் கோட்டைத் தாண்டுவார்கள் என்று வாதாடி ஜெயித்திருந்தாள். குத்பா முடிந்து, தொழுது, ஆட்கள் செருப்பைத் தேடி வெளியே வர இன்னும் அரைமணியாவது ஆகும்.

"அரைமணி நேரம்," என்றாள் ரௌதா, அவள் மனசுக்குள் இருந்ததைப் படித்தவள்போல. "கேட்டுக்கிட்டு உக்காரு. உன் சட்டத்துக்குத்தான் காது இல்ல. உனக்கு இருக்குல்ல?"

குழந்தை மறுபடி அலறியது.

"ரௌதா, உன் வீட்ல அல்மாஸ் இருக்காளா?"

"வாசல்ல நின்னு அழுதுக்கிட்டிருக்கா. எதுக்கு?"

"அழுதது போதும். பளிச்சுனு தெரியற மாதிரி ஒரு துணியை எடுத்துக்கிட்டு சந்து ஆரம்பிக்கிற இடத்துக்கு ஓடச் சொல்லு. ஒரு வண்டி உள்ள நுழையக்கூடாது."

அல்மாஸ் அந்த வீட்டில் வேலை செய்யும் எத்தியோப்பியப் பெண். கொடியில் காய்ந்த ஆரஞ்சு நிறத் துண்டை உருவிக்கொண்டு ரப்பர் செருப்போடு ஓடுவது பின்கேமராவில் தெரிந்தது.

வதீமா கேள்வியைத் திரும்ப வரவழைத்து, அனுமதியை அழுத்தினாள். ஜோவலின் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். இது விதிமீறல், உறுதியாகவா என்று திரை மறுபடி கேட்டது.

"எனக்கே சொல்லித்தர்றியா?" என்றாள் வதீமா. மறுபடி அழுத்தினாள்.

டாக்ஸி ஒரு வாசலில் ஒடித்துத் திரும்பியது. எதிர்த்திசையில் ஊர்ந்தது. சந்தின் முனை தெரிந்ததும் டக்கென்று நின்றது. சாலை நடுவில் ஒரு மனுஷி ஆரஞ்சுத் துணியை வீசிக்கொண்டிருக்கிறாள். திரையில் கேள்வி: போக்குவரத்தை நிறுத்தவும் அனுப்பவும் இவருக்கு அதிகாரம் உண்டா?

அல்மாஸ் அப்போது ஆடு ஏற்றிவந்த ஒரு பிக்கப்பை மறித்துக்கொண்டிருந்தாள். ஓட்டுநர் ஜன்னலில் தலையை விட்டுக் கத்திக்கொண்டிருந்தான். ஆடுகளும் கத்தின. அல்மாஸ் தன் மொழியில் இரண்டு பங்காகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

வதீமா, உண்டு என்று குறித்தாள்.

"மேடம், யார் குடுத்த அதிகாரம்?"

"நான் குடுத்தது. சும்மா இரு."

அப்படியும் வண்டி அசையவில்லை. அதிகாரம் உள்ளவர் துணியை வீசினால் நில் என்று அர்த்தம். அல்மாஸோ பிக்கப்புக்கு ஒருமுறை, டாக்ஸிக்கு ஒருமுறை என்று இரண்டு பக்கமும் வீசிக்கொண்டிருந்தாள்.

"ரௌதா, கண்ணாடியை இறக்கு. துணியைக் கீழ போடச் சொல்லு. பக்கவாட்டுல நகரச் சொல்லு."

ரௌதா தலையை வெளியே நீட்டிப் போட்ட சத்தத்தில் பிக்கப்காரன் தானே பின்னால் எடுத்துக்கொண்டான். டாக்ஸி வெளியே வந்தது. பிரதான சாலையைத் தொட்டதும் பழையபடி நல்ல மாணவி ஆகிவிட்டது. ஆளே இல்லாத நிறுத்தற்கோட்டில் முழுதாக நின்று இரண்டு பக்கமும் பார்த்தது.

"ஐயோ, இப்பவுமா நிக்கும் இது?"

"நிக்கும்," என்றாள் வதீமா.

மருத்துவமனை வாசல் வரை குழந்தையின் விசும்பல் மட்டும்தான் கேட்டது. இறங்கும்போது குழந்தைதான், "கம்பெனி, நன்றி," என்றது.

திங்கட்கிழமை, ஜோர்டானிலிருந்து வந்த பொறியாளன் நிதால் அவள் மேசைக்கு வந்தான். முகமெல்லாம் பல். தாஹியின் அம்மா என்று அரபு முறைப்படிதான் அவளைக் கூப்பிடுவான்.

"உம்மு தாஹி! உங்க முதல் அனுமதி! அற்புதமான உதாரணம். இதை வெச்சு எல்லா வண்டிக்கும் பாடம் நடத்தப் போறோம்."

"என்ன பாடம்?"

"வெள்ளிக்கிழமை, பள்ளிவாசல் தெரு, வழி அடைப்பு, வண்டிக்குள்ள குழந்தை அழுகை. இந்த நாலும் சேர்ந்தா எதிர்த்திசையில போகலாம்."

"அப்போ அடுத்த வெள்ளிக்கிழமையிலேருந்து ஊர்ல எல்லாப் பிள்ளையும் அழும். அம்மாக்களே கிள்ளி விடுவாங்க."

நிதால் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"நான் செஞ்சது தப்பு. தப்புன்னே எழுது."

"சரி, அப்போ அந்த அனுமதியை ரத்து பண்ணிடறேன்."

"வேண்டாம். நாளைக்கே அதே மாதிரி நடந்தா அதையேதான் செய்வேன்."

நிதால் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். "உம்மு தாஹி, என்கிட்ட இருக்கறது ரெண்டே கட்டம். சரி, தப்பு. தப்பு ஆனா மறுபடியும் செய்வேன்னு ஒரு கட்டத்தை நான் எங்க போய்த் தேடறது?"

"இல்லேல்ல? அப்போ அதைக் கத்துக்குடுக்காதே. ஒவ்வொரு தடவையும் நின்னு கேக்கட்டும். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருத்தர் தன் பேரைப் போடட்டும்."

அவன் அரைமணி வாதாடிப் பார்த்தான். அவனுடைய மனைவியையும் வதீமா இரண்டு முறை தோற்கடித்திருக்கிறாள் என்பது நினைவுக்கு வந்தபின் எழுந்துவிட்டான்.

வதீமா அதோடு விடவில்லை. எதிர்த்திசையில் போனதற்கு உரிமத்தில் கறுப்புப் புள்ளி விழவேண்டும். வண்டிக்கு உரிமம் கிடையாது. ஆகவே தனக்குத்தான் விழவேண்டும் என்று போக்குவரத்து அலுவலகத்துக்கே போய்க் கேட்டாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்குப் புள்ளி போடச் சட்டத்தில் இடமில்லை என்று கவுன்டரில் இருந்த பெண் ரொம்பப் பணிவாகச் சொன்னாள். அவள் மூன்றாவது முயற்சியில், வதீமா விடுப்பில் இருந்த நாளில் தேறியவள். புள்ளி வாங்க வந்து, கிடைக்காமல், கோபித்துக்கொண்டு திரும்பிய முதல் ஆள் வதீமாவாகத்தான் இருக்கவேண்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை. அதே அறை, அதே ஜோவலின். குத்பா ஆரம்பித்துச் சற்று நேரத்தில், அதே சந்தில், அதே கேள்வி வந்தது. முன்னால் இந்த வாரம் நான்கு வண்டி. வதீமா உள்கேமராவைப் பார்த்தாள். பின்னிருக்கையில் ரௌதா, மடியில் துணி சுற்றிய பெரிய பாத்திரம். பக்கத்தில் மாவுக்கட்டோடு மெஹ்ரா. யாரும் அழவில்லை.

காத்திருவை அழுத்தினாள். மணி உடனே அடித்தது.

"வதீமா! மறுபடியும் நிக்குது!"

"தெரியும்."

"அன்னிக்கி மாதிரி விடு."

"யாருக்காவது கை உடைஞ்சிருக்கா?"

"போன வாரம் உடைஞ்சதே இன்னும் ஒட்டல!"

"அது போன வாரக் கணக்கு."

"ஹரீஸ் ஆறிடும்!"

"சூடு பண்ணிக்கலாம்."

"எங்க சூடு பண்ணிக்கறது? உன் அடுப்புலயா? எங்க வந்துக்கிட்டிருக்கேன்னு தெரியுமா உனக்கு? உன் வீட்டுக்கு! உன் வேலை முடியறதுக்குள்ள போய்ச் சேரணும்னு விடியற்காலையிலேருந்து ஹரீஸுக்குக் கோதுமையைக் கிண்டிக்கிட்டிருக்கேன். என் கையும் உடைஞ்சுபோச்சு, அதையும் எழுதிக்கோ!"

கேள்வி திரையில் இன்னும் இருந்தது. விரல் தூரத்தில் அனுமதி. ஜோவலின் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"காத்திரு, ரௌதா," என்றாள் வதீமா.

அதன்பிறகு ரௌதாவை நிறுத்த யாராலும் முடியவில்லை. அந்த நிறுத்தற்கோட்டிலிருந்து ஆரம்பித்தாள். சக்கரம் நின்றது, நிற்கவே இல்லை என்று சொன்னவளுக்குக் கண் நின்றுவிட்டது என்றாள். கர்ப்பிணியாகப் பேருந்துக்குக் காத்திருந்ததைச் சொன்னாள். அம்மா காலமான வீட்டில் துக்கம் கேட்க வந்தவர்களுக்கு ஒருவர் பின் ஒருவராகக் காபி ஊற்றிக்கொண்டே, மூன்று நாளும் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தோமே, அது நினைவிருக்கிறதா என்று கேட்டாள். வதீமா பதில் சொல்ல வாயைத் திறந்த ஒவ்வொரு தடவையும், "இரு, நான் முடிக்கல," என்றாள். நடுவில் மெஹ்ராவின் குரல் வந்தது. "பெரியம்மா, அம்மா அழறாங்க."

"அழல. நீ வாயை மூடு."

பள்ளிவாசலில் தொழுகை முடிந்தது. ஆட்கள் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள், கைகுலுக்கிக்கொண்டார்கள், நின்று பேசினார்கள். கடைசியில் ஒவ்வொருவராக வண்டியில் ஏறினார்கள். முன்னால் நின்ற நான்கு வண்டியும் கிளம்பின. சந்து திறந்துகொண்டது. டாக்ஸி யாரையும் எதையும் கேட்காமல் மெதுவாக நகர்ந்தது.

"வண்டி கிளம்பிருச்சு," என்றாள் வதீமா.

"கிளம்பட்டும். லைனை வெச்சிடாதே அக்கா. நான் இன்னும் அந்தப் பெருநாள் விஷயத்துக்கே வரல."

வதீமா மற்ற திரைகளைப் பார்த்துக்கொள்ளும்படி ஜோவலினுக்குக் கையைக் காட்டிவிட்டு, காதுக்கருவியைச் சரிசெய்துகொண்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.